பதினொன்றிலிருந்து முப்பத்தெட்டு வரை

நாகர்கோவில் லேபர் ஆபீஸ் மாடியில்
கைநாட்டா கையெழுத்தா என்று கேட்டார்கள்.
கையெழுத்து என்றேன்.
இருபத்தாறு வருஷம் அண்டி தல்லி
என் பெருவிரலில் ரேகை இல்லை.
ரேஷன் கடை மெஷின் மாசாமாசம்
நான் நானில்லை என்று சொல்லும்.

மேசைக்கு அந்தப் பக்கம் கம்பெனி ஆட்கள் மூன்று பேர்.
இந்தப் பக்கம் சங்கத்துத் தாசையன்,
பீலிங்கிலிருந்து சுசீலாபாய், தல்லுக்கு நான்.
நடுவில் அதிகாரி. அவருக்குச் சளி.

நாங்கள் கேட்டது நாளுக்கு முப்பத்தெட்டு ரூபாய்.
அவர்கள் சொன்னது பதினொன்று.

தோட்டண்டி ஆப்பிரிக்காவிலிருந்து வருகிறது,
தூத்துக்குடியில் இறங்குவதற்குள்
டாலர் ஏறிவிடுகிறது என்றார் மானேஜர்.
வியட்நாமில் மெஷின் உடைக்கிறதாம்.
மெஷினுக்கு பி.எஃப். கிடையாது, பேறுகாலம் கிடையாது
என்று சிரித்தார்.
கூட இருந்த இரண்டு பேரும் சிரித்தார்கள், கொஞ்சம் பிந்தி.
"இன்னும் கூட்டினா பூட்டிட்டு வேற ஊரு பாக்க வேண்டியதுதான்."

தாசையன் இதற்காகவே பஸ் ஏறி வந்தவர்.
"களியக்காவிளைக்கு அந்தப் பக்கம் கூலி கூடினப்பதானே சார்
ஒங்க முதலாளி அடுப்ப லாறியில ஏத்திட்டு
இந்தப் பக்கம் வந்தாரு?
இனி எங்க போவாரு, கடலுக்கா?"

ஃபேன் மட்டும் பேசிக்கொண்டிருந்தது.

பொய் சொல்லக் கூடாது,
எங்களுக்குள்ளும் ஒரே பேச்சில்லை.
முந்தின நாள் சாம்பல் கழுவுகிற இடத்தில்
லில்லிபுஷ்பம் கேட்டாள்:
"எக்கா, கூட்டிக் கேட்டா ஆறு நாள் வேல நாலு நாளாவும்.
முப்பத்தெட்டு கூடின நாலு நாளா,
கூடாத ஆறு நாளா, எது பெருசு?"
பத்தாம் கிளாஸ் பாஸானவள்.
படுத்துக்கொண்டு கூட்டிப் பார்த்தேன், அவள் கணக்கு சரி.
அதற்கு என்னிடம் பதில் இல்லை.
இப்போதும் இல்லை.

போன தடவை ஏழு ரூபாய் கூட்டினார்கள்.
அதே திங்கள்கிழமை
ஒரு நாள் கணக்கு ஒன்றரைக் கிலோ கூடியது.
நான் இதைச் சொல்லத்தான் வாயெடுத்தேன்.
மானேஜர் முந்திக்கொண்டு என்னைப் பார்த்தார்:
"நீங்க சொல்லுங்கம்மா. எவ்வளவு கிடைச்சா போதும்?"

குத்திக் கேட்கவில்லை. உண்மையாகவே கேட்டார்.

போதாதது எவ்வளவு என்று எனக்குப் பைசா சுத்தமாகத் தெரியும்.
கருங்கல் மருந்துக்கடையில்
பத்து மாத்திரை அட்டையில் நாலை மட்டும் வெட்டும்
கத்தரியின் சத்தம் தெரியும்.
சாளை விலை இறங்குவது
அதன் கண் சிவந்த பிறகு என்று தெரியும்.
செவ்வாய்க்கிழமை வருகிற குழுக்காரனின் பைக்கை
வளைவிலேயே தெரியும்.
ஆனால் போதும் என்பதை
நான் எந்தத் தராசிலும் வைத்துப் பார்த்ததில்லை.
சோறு இன்னும் வைக்கட்டுமா என்று கேட்கும்போது
போதும் என்று சொல்லியிருக்கிறேன்,
சட்டியை எட்டிப் பார்த்துவிட்டு.

"ஒன்றரைக் கிலோவையும் எழுதிக்கிடுங்க" என்றேன்.
அவர் கேட்டதற்கு அது பதிலில்லை.
அதிகாரி எழுதினாரா தும்மினாரா
இங்கிருந்து தெரியவில்லை.

சாயா வந்தது.
கூடவே ஒரு தட்டு வறுத்த பருப்பு, கம்பெனி கொண்டுவந்தது.
இருநூற்றி நாற்பதாம் நம்பர், முழுசு,
ஒன்றுகூட உடையவில்லை.
உடைந்திருந்தால் யாருக்கோ பிடித்திருப்பார்கள்.
அதிகாரி பத்தொன்பது என்றார்.
தாசையன் முப்பது என்றார்.
மானேஜர் போனை எடுத்துக்கொண்டு வராந்தாவுக்குப் போனார்.
பதினெட்டாம் தேதிக்கு ஒத்திவைத்தார்கள்.

பைசா கேட்காத பஸ்ஸில்
ஜன்னலோரம் சுசீலாபாய் கைலேஞ்சியை அவிழ்த்தாள்.
ஆறு பருப்பு.
"களவில்ல கேட்டியா, எனக்க கையில உரிஞ்சதாக்கும்.
பாத்தா எனக்குத் தெரியாதா?"
மூன்றை என் உள்ளங்கையில் வைத்தாள்.

தக்கலை தாண்டும்வரை ஒவ்வொன்றாகத் தின்றேன்.
இருபத்தாறு வருஷத்தில் வறுத்ததைத் தின்பது
இது இரண்டாவதோ மூன்றாவதோ.
நன்றாகத்தான் இருந்தது.
உப்புதான் கொஞ்சம் கூடுதல்.